கல்லுக்கு ஒரே ஒரு பிறந்தநாளா?

விராலிமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். மயில் எங்கே? முருகனுக்குச் சுருட்டுப் படைப்பது நிஜமா? இரண்டுக்கும் ஊர்க்காரர்கள் சளைக்காமல் பதில் சொல்வார்கள். கோயில் எவ்வளவு பழசு என்று கேட்டால் அருணகிரிநாதரில் ஆரம்பித்து 15-ஆம் நூற்றாண்டைத் தொட்டுவிடுவார்கள். ஆனால் அந்தக் கோயிலையே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறதே ஒரு பாறை, அதற்கு என்ன வயது என்று கேட்டுப் பாருங்கள். "அது உலகம் தோன்றின நாள்லேர்ந்து இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லுக்கு விலை உண்டு, வயது கிடையாது. முக்கால் ஜல்லி யூனிட் என்ன விலை, எம்-சாண்ட் லோடு என்ன விலை என்று டீக்கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். வயது என்ற பேச்சு எப்போதாவது செய்தித்தாளில்தான் வரும். "இத்தனை கோடி ஆண்டு பழமையான பாறை" என்று ஒரே ஒரு எண். படித்தவர் "அடேங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

பிரச்னை அந்த ஒற்றை எண்ணில்தான் இருக்கிறது. எந்தக் கனிமத்தை வைத்து எடுத்த வயது, எந்த நிகழ்ச்சியின் வயது என்று சொல்லாத எண், தேதி போட்டுப் பெயர் போடாத காசோலை மாதிரி. இதைப் புரிந்துகொள்ள விராலிமலையிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். திருச்சி, கரூர் தாண்டினால் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கத்தில் சித்தம்பூண்டி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே இருக்கும் பாறைக்கு இரண்டு வயது சொல்கிறார்கள். 290 கோடி ஆண்டு என்று ஒரு கணக்கு, 254 கோடி ஆண்டு என்று இன்னொரு கணக்கு. நடுவில் 36 கோடி ஆண்டு துண்டு விழுகிறது. நான்கு கால் பிராணிகள் முதன்முதலாகத் தண்ணீரை விட்டுத் தரையேறியதிலிருந்து இன்று வரைக்கும் ஆன காலமே ஏறத்தாழ அவ்வளவுதான். பைசாக் கணக்கில் வந்த வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது.

முதலில் அந்தப் பாறை என்ன என்று பார்த்துவிடலாம்.

பூமிக்கு அடியில் ஒரு பெரிய அண்டா நிறைய பாறைக் குழம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மேலே வந்து எரிமலையாக வெடிக்காமல் உள்ளேயே நின்று மெதுவாக ஆறுகிறது. ஆற ஆறப் படிகங்கள் உண்டாகின்றன. கனமானவை கீழே தங்கும், லேசானவை மேலே நிற்கும். ரசத்தை இறக்கி வைத்தால் மண்டி அடியிலும் தெளிவு மேலேயும் நிற்பது போல. குரோமைட் கறுப்பாக ஒரு அடுக்கு, பைராக்சீன் ஒரு அடுக்கு, வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் ஒரு அடுக்கு என்று பட்டை பட்டையாகப் படிந்துவிடும். இதைத்தான் அடுக்கு ஊடுருவல் பாறை என்கிறார்கள். (படிகங்கள் கீழே இறங்குவது மட்டுமே காரணமா என்று இன்னும் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டை கீழே வேறு ரூபத்தில் திரும்ப வரும்.)

உலகத்தில் இந்த வகைக்குப் பெரிய அண்ணன் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட். பூமியில் கண்டுபிடிக்கப்பட்ட பிளாட்டின இருப்பில் பெரும் பகுதி அங்கேதான். அமெரிக்காவின் மொன்டானாவில் ஸ்டில்வாட்டர், கிரீன்லாந்தில் ஸ்கேர்கார்ட் என்று இன்னும் சில பிரபலங்கள் உண்டு. நம்மூர்ப் பிரதிநிதி சித்தம்பூண்டி. அனார்த்தோசைட் என்ற வெள்ளைப் பாறையும், நடுநடுவே கறுப்புக் குரோமைட் பட்டைகளும் அங்கே வயல்காட்டு ஓரத்திலேயே கிடக்கின்றன.

இந்த வட்டாரத்துக் கல் லண்டனுக்குப் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சார்லஸ் கிரெவில் என்பவர் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றி 1798-ல் எழுதினார். கர்னாடிக் என்று ஆங்கிலேயர் அழைத்த சீமையிலிருந்து போன குருந்தத்தோடு ஒட்டியிருந்த வெள்ளைக் கனிமத்துக்கு பூர்னோன் என்ற பிரெஞ்சுக்காரர் 'இண்டியானைட்' என்று பெயர் வைத்தார். அது அனார்த்தைட் என்ற ஃபெல்ட்ஸ்பார்தான் என்று பிறகு தெரிந்தது, பெயரும் வழக்கொழிந்தது. ஆனால் 'கொரண்டம்' என்ற ஆங்கிலச் சொல் மட்டும் இன்றும் நிற்கிறது. அது நம் குருந்தத்திலிருந்து போனது. சித்தம்பூண்டியை முழுதாக ஆராய்ந்து ஏ.பி.சுப்பிரமணியம் கட்டுரை வெளியிட்டது 1956-ல். அப்போது அது சேலம் மாவட்டம், மாநிலத்தின் பெயர் சென்னை. எந்தக் கனிமம், எந்த அடுக்கு என்றெல்லாம் அதில் விவரமாக உண்டு.

கல்லின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பி.காம். படிப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம். புவியியல் படிப்பவர்களைவிடவும் சுலபம் என்றுகூடச் சொல்லலாம்.

சிர்கான் என்று ஒரு கனிமம். பாறைக்குள் பொடிப்பொடியாக, பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். இது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை வெளியே தள்ளிவிடும். அதாவது ஈயக் கணக்கின் தொடக்க இருப்பு பூஜ்யம். பிறகு யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஈயமாக மாறுகிறது. இன்றைக்கு உள்ளே இருக்கும் ஈயம் அத்தனையும் யுரேனியத்திலிருந்து வந்த வரவு. வரவு எவ்வளவு, என்ன வேகத்தில் வந்தது என்று தெரிந்தால், கணக்கு எந்த நாளில் தொடங்கப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

இதில் அழகு என்னவென்றால், ஒரே படிகத்துக்குள் இரண்டு கணக்குப் புத்தகம் இருக்கிறது. யுரேனியம்-238 ஈயம்-206 ஆகிறது, அதன் அரை ஆயுட்காலம் சுமார் 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235 ஈயம்-207 ஆகிறது, அரை ஆயுட்காலம் சுமார் 70 கோடி ஆண்டு. ஒன்று ரொக்க ஏடு என்றால் இன்னொன்று செல்லேடு. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால் நடுவில் எப்போதோ ஈயம் கசிந்திருக்கிறது, அல்லது இரண்டு வயதுள்ள பகுதிகள் கலந்துவிட்டன என்று அர்த்தம். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட வேண்டியதுதான். அதைப் போடும் முறையை ஜார்ஜ் வெதரில் வரைபடமாகத் தந்ததும், பாருங்கள், அதே 1956-ல்.

இத்தனை கோடி ஆண்டைக் கணக்குப் பார்க்கும் கருவிகள் சரியாகத்தான் காட்டுகின்றனவா என்று யார் சோதிப்பது? அதற்கு வயது உறுதியாகத் தெரிந்த ஒரு சிர்கானைப் பக்கத்தில் வைத்து அளக்கிறார்கள், கடையில் எடைக்கல் மாதிரி. பல ஆய்வகங்களில் அந்த எடைக்கல் இலங்கையின் இரத்தினக் கல் மணலிலிருந்து எடுத்த சிர்கான். வயது சுமார் 56 கோடி ஆண்டு. அடுக்குப் பாறைகளுக்கு வயது காண உதவும் இன்னொரு கனிமமான பேட்லியைட்டும் முதலில் இலங்கையின் ரக்வானைப் பக்கத்தில்தான் 1892 வாக்கில் அடையாளம் காணப்பட்டது.

இப்போது சித்தம்பூண்டியின் இரண்டு வயதுக்கு வரலாம்.

290 கோடி என்பது பாஸ்கர் ராவ் முதலானோர் 1996-ல் வெளியிட்ட கணக்கு. அது கனிமத்தை வைத்துப் போட்டதல்ல, முழுப் பாறையை வைத்துப் போட்டது. சமேரியம் என்ற தனிமம் நியோடிமியமாக மாறுவதை அளந்தார்கள். அரை ஆயுட்காலம் சுமார் 10,600 கோடி ஆண்டு, அவ்வளவு மெதுவான கடிகாரம். பாறைத் துண்டுகள் பலவற்றை அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒரு நேர்கோடு வரும், அதன் சாய்வு வயதைச் சொல்லும். ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாத் துண்டுகளும் ஒரே நியோடிமிய விகிதத்தோடு தொடங்கியிருக்க வேண்டும். இங்கே தொடக்க இருப்பு பூஜ்யம் அல்ல, ஆனால் எல்லாக் கிளைகளுக்கும் ஒன்றேதான் என்று வைத்துக்கொள்கிறார்கள். குழம்பு மேலே வரும்போது வழியில் பழைய பாறையை ஒரு இடத்தில் அதிகமாகவும் ஒரு இடத்தில் குறைவாகவும் விழுங்கியிருந்தால் இந்த நிபந்தனை உடைந்துவிடும். அப்போதும் நேர்கோடு வரலாம், பார்க்க அழகாகவே வரலாம். ஆனால் அந்தக் கோடு வயதைக் காட்டாது, கலப்படத்தைக் காட்டும்.

254 கோடி என்பது ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ராம் மோகனும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் வெளியிட்டது. இது சிர்கான் கணக்கு. படிகத்தின் மேல் லேசரால் புள்ளி புள்ளியாகச் சுட்டு, வந்த ஆவியை அளந்தார்கள். பாறை உருவான வயது 254.1 கோடி ஆண்டு, கூட்டல் கழித்தல் 1.3 கோடி. அதோடு நிற்கவில்லை. 246.1 கோடி, கூட்டல் கழித்தல் 1.5 கோடி என்று இன்னொரு வயதும் கிடைத்தது. அது பாறை பூமியின் ஆழத்தில் மறுபடி சூடேறி உருமாறிய காலம். சுமார் 70 கோடி ஆண்டு வாக்கில் இன்னொரு சூடும் அந்தக் கல்லில் பதிவாகியிருக்கிறது.

ஆக, ஒரே கல்லுக்குள் பல தேதிகள். இதில் எதைச் செய்தித்தாள் போடும்? பெரியதைத்தான் போடும். பழமை என்றால் நமக்கு ஒரு தனி மயக்கம். இரண்டு எண் இருந்தால் பெரிய எண்ணின் பக்கம் கை தானாகப் போகிறது.

விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் குடுமியான்மலையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பல தேதி விஷயம் ஆச்சரியமாக இருக்காது. அங்கே பாறையைக் குடைந்த குடைவரை இருக்கிறது, புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது, நாயக்கர் கால மண்டபச் சிற்பங்களும் இருக்கின்றன. நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி. "குடுமியான்மலைக் கோயிலின் வயது என்ன?" என்று ஒருவர் கேட்டால் விவரம் தெரிந்தவர் பதிலுக்கு "எந்தப் பகுதி?" என்றுதான் கேட்பார். குடைவரைக்கு ஒரு காலம், மண்டபத்துக்கு ஒரு காலம், கும்பாபிஷேகப் பெயின்ட்டுக்கு ஒரு காலம். சிர்கானும் அப்படித்தான். நடுவில் கருவறை போல ஒரு பழைய மையம். பிறகு சூடேறிய போதெல்லாம் அதைச் சுற்றிப் பிராகாரம் போலப் புதிய விளிம்பு வளர்ந்திருக்கும். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அந்த வளையங்கள் ஒளிர்ந்து தனித்தனியாகத் தெரியும். லேசரை எங்கே வைத்துச் சுடுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். முழுப் பாறையை இடித்து அளப்பது, குடைவரைக் கல்லையும் மண்டபத் தூணையும் கும்பாபிஷேகச் சிமெண்டையும் ஒன்றாக அரைத்துக் கோயிலுக்கு ஒரு தேதி போடுவது போல ஆகிவிடும் அபாயம் உண்டு.

இதனால் சிர்கான் சொல்வதே வேதவாக்கு என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். சிர்கான் கிரானைட் போன்ற சிலிக்கா மிகுந்த குழம்பில் தாராளமாக விளையும். அனார்த்தோசைட், குரோமைட் எல்லாம் தரும் சிலிக்கா குறைந்த குழம்பு அதற்குப் பிடித்த இடமல்ல. அப்படிப்பட்ட குழம்பில், மற்றதெல்லாம் இறுகிப்போய்ப் படிகங்களுக்கு இடையே சிக்கிய கடைசிச் சொட்டில்தான் சிர்கான் உருவாக வாய்ப்பு. எனவே சிர்கான் காட்டுவது அண்டாவை அடுப்பில் ஏற்றிய நேரத்தை அல்ல, அடியில் கடைசிச் சொட்டு வற்றிய நேரத்தை. அதோடு, பின்னால் பாறை உருமாறியபோது புதிதாக முளைத்த சிர்கானை, பிறந்தபோதே இருந்த சிர்கான் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. சித்தம்பூண்டி மாதிரி திரும்பத் திரும்ப வெந்த பாறையில் இந்த ஆபத்து சாதாரணமில்லை.

புஷ்வெல்டில் இந்தத் தொல்லை குறைவு. அந்தப் பாறை பிறந்த பிறகு பெரிதாக வேகவில்லை. அதனால் சிர்கானை அமிலத்தில் கரைத்து மிகத் துல்லியமாக அளக்க முடிந்தது. 205.5 கோடி ஆண்டு, பிழை வெறும் சில லட்சம் ஆண்டு. அந்தப் பிரம்மாண்டம் முழுவதும் சுமார் 10 லட்சம் ஆண்டுக்குள் உருவாகி இறுகிவிட்டது என்று 2015-ல் காட்டினார்கள். அடுத்த வருஷமே இன்னொரு குண்டு விழுந்தது. மங்கல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் அடுக்கு அடுக்காக வயது பார்த்தபோது, கீழே இருந்த சில அடுக்குகள் மேலே இருந்தவற்றைவிட இளையவை என்று வந்தது. ரசமண்டிக் கதைப்படி அது நடக்கவே கூடாது. பிறகு வந்த குழம்பு ஏற்கெனவே இருந்த அடுக்குகளுக்கு நடுவே புகுந்திருக்கிறது என்றார்கள், எழுதி முடித்த பேரேட்டின் நடுவில் யாரோ தாள் செருகியது போல. பிளாட்டினம் எந்த அடுக்கில் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வியையே இது மாற்றிப்போடுகிறது. வயது ஆராய்ச்சி யாருக்கு என்ன உபயோகம் என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். சித்தம்பூண்டியிலும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பிளாட்டினம் தேடியிருக்கிறது.

சித்தம்பூண்டியின் 36 கோடி ஆண்டுத் துண்டுக்குப் பின்னால் பிளாட்டினத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் இப்போதைய தமிழ்நாட்டின் அடித்தளப் பாறைகளில் பெரும் மாற்றங்கள் நடந்தன. 254 கோடி என்ற கணக்கு சரியென்றால், ஒரு பழைய கடலின் தரை இன்னொரு நிலத்துக்கு அடியில் செருகிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு மேலே பிறந்த பாறை சித்தம்பூண்டி. பிறந்து 8 கோடி ஆண்டுக்குள்ளேயே அது ஆழத்துக்குப் போய் வெந்துவிட்டது. 290 கோடி சரியென்றால் அது அந்தக் கதைக்கு ரொம்ப முன்னாலேயே இருந்த சாட்சி, வேறு ஏதோ ஒரு கதையின் பாத்திரம். இன்றைய நிலையில் 254 கோடியின் பக்கம்தான் தராசு தாழ்கிறது. இரண்டு ஏடு சரிபார்த்த கணக்கு அது, கோடு போட்டு ஊகித்த கணக்கு அல்ல. ஆனால் இந்தப் பாறையில் சிர்கான் எடுப்பதில் இத்தனை வம்பு இருக்கும்போது, ஒன்றிரண்டு மாதிரிகளோடு நிறுத்திவிட்டுக் கல்வெட்டில் செதுக்கும் அளவுக்கு முடிந்த விஷயம் என்று சொல்லக் கூடாது. இன்னும் பல அடுக்குகளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு அந்த அடுக்குகள் அங்கே இருக்க வேண்டும்.

கவலை அங்கேதான். தமிழ்நாட்டில் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள் உண்டு, பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறை உண்டு. சித்தம்பூண்டி இல்லை. கல்மரம் பார்த்தால் மரம் மாதிரி இருக்கிறது, கூட்டிப்போய்க் காட்டலாம். பட்டை போட்ட வெள்ளைக் கல்லைக் காட்டி என்ன சொல்வது?

ஒரே ஒரு தடவை சித்தம்பூண்டி தலைப்புச் செய்தி ஆனது. சந்திரயான்-2 இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலா மண் போன்ற மண் டன் கணக்கில் வேண்டியிருந்தது. நிலாவின் மேட்டுநிலப் பாறையும் அனார்த்தோசைட் என்பதால் சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களை எடுத்து அரைத்துப் பயன்படுத்தினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் திருச்சி என்.ஐ.டி.யும் அதில் பங்கெடுத்தன. தயாரிப்பு முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஊருக்கு 'நிலாக் கல் ஊர்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. நிலாவின் அனார்த்தோசைட் 430 கோடி ஆண்டுகளைத் தாண்டியது, தண்ணீர் ஏறக்குறைய இல்லாத குழம்பில் மிதந்து சேர்ந்தது. சித்தம்பூண்டியின் குழம்பில் தண்ணீர் நிறைய இருந்தது, அங்கே காணப்படும் ஹார்ன்பிளெண்டே அதற்குச் சாட்சி. அரைத்தால் இரண்டும் ஒன்று போல இருக்கலாம். அரைப்பதற்கு முன்னால் இரண்டும் வேறு வேறு வரலாறு. சோதனைக்கு வேதிப்பொருள் ஒத்துப்போனால் போதும், வயது தேவையில்லை. செய்திக்கும் தேவைப்படவில்லை.

செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது. குரோமைட் பட்டைகள் தெளிவாகத் தெரியும் ஓரிரு இடங்களை அளந்து, வேலி போட்டு, குவாரிக் குத்தகை எல்லைக்கு வெளியே வைக்க வேண்டும். ஒரு பலகை வைக்க வேண்டும். பலகையில் "உலகின் பழமையான பாறை" என்று பொய் எழுத வேண்டாம், "நிலாக் கல்" என்றும் எழுத வேண்டாம். சிர்கான் மையத்தின்படி 254.1 கோடி ஆண்டு, பிழை 1.3 கோடி. மறுபடி வெந்தது 246.1 கோடி ஆண்டு, பிழை 1.5 கோடி. முழுப் பாறைக் கணக்கின்படி சுமார் 290 கோடி ஆண்டு, இதில் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வளவுதான், மூன்று வரி. இவ்வளவு நீளமாக எழுதினால் யார் நின்று படிப்பார்கள் என்று கேட்கக்கூடும். எந்தக் கோயில் வாசலிலும் தொங்கும் அர்ச்சனைக் கட்டணப் பலகை இதைவிட நீளம். அதை எல்லோரும் வரி விடாமல் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.